விசிறியின் இரைச்சல்: வீட்டுத் தூசுறிஞ்சியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

ஒரு நகரின் வரலாற்றை அதன் கட்டடங்களைக் கொண்டும் ஏடுகளைக் கொண்டும் எழுதுவதே நம்மிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. அந்நகரில் வாழ்ந்தோர் காதிற் கேட்ட ஒலிகளைக் கொண்டு எழுதும் முயற்சி அருகியே காணப்படுகின்றது. கொழும்பைப் பொறுத்தவரை இக்குறை வியப்புக்குரியது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் மூண்ட கலவரத்தின் உடனடிக் காரணங்களுள் ஒன்று, புனித லூசியாள் பேராலயத்தின் அயலில் மேளதாளங்களுடன் சென்ற பௌத்த ஊர்வலமாகும். யாருடைய ஒலி யாருடைய காதில் விழலாம் என்ற வினா அன்று உயிர்ப்பலி கேட்டது. 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தினாற் பெயர்பெற்ற வெள்ளவத்தை நூற்பு நெசவாலை, அதன் அயலில் வாழ்ந்தோருக்குத் தறிகளின் ஓசையாகவும் விளங்கியது. அதற்கப்பால், கடலை ஒட்டிச் செல்லும் புகையிரதம் இன்றும் அப்பகுதியின் நேரங்காட்டியாகவே உள்ளது.

இவையாவும் வீதியின் ஒலிகள். வீட்டின் உள்ளே எழும் ஒலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதுதற்கு மிகவும் ஏற்ற பொருள், கடைத்தெருவில் ‘வக்கியூம் கிளீனர்’ என வழங்குவதும் இக்கட்டுரையில் தூசுறிஞ்சி எனக் குறிக்கப்படுவதுமாகிய இயந்திரமே. அதன் விசிறி எழுப்பும் இரைச்சல் எங்கிருந்து வந்தது, அதைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் ஏன் இத்துணைக் காலம் தாழ்த்தன, அவ்விரைச்சலைக் கேட்க விதிக்கப்பட்டோர் யாவர் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

தூசுறிஞ்சியின் தொடக்ககாலம் வீதியிலேயே அமைந்தது. 1901ஆம் ஆண்டு ஹியூபேட் செசில் பூத் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், தூசியை ஊதிப் போக்கும் ஓர் இயந்திரத்தை இலண்டனிற் கண்டார். ஊதுவதிலும் உறிஞ்சுவதே தக்கது என எண்ணிய அவர், உணவகமொன்றின் நாற்காலி மீது கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்து, துணியின் மறுபுறம் தூசி படிந்திருக்கக் கண்டார் என்பர். அவர் அமைத்த பொறி, பெற்றோலினால் இயங்கும் முசலப் பம்பியைக் கொண்டது. குதிரை பூட்டிய வண்டியிலேற்றி வாடிக்கையாளரின் வாசலில் நிறுத்தப்படுவது. நீண்ட குழாய்கள் மட்டுமே யன்னல் வழியாக உள்ளே சென்றன. 1902இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்னர் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தின் கம்பளங்கள் இவ்வாறே துப்புரவு செய்யப்பட்டன.

இவ்வமைப்பில் ஒலியின் பங்கீடு எவ்வாறு இருந்தது என்பது நோக்கற்பாலது. சீமாட்டிகள் தம் தோழியரைத் தேநீருக்கு அழைத்து, கண்ணாடிபோல் தெளிந்த குழாயினூடே தூசி ஓடுவதைக் காட்டி மகிழ்ந்தனர். பொறியின் முழக்கமோ வெளியே நின்ற வண்டிக்காரருக்கும் அவர்தம் குதிரைகளுக்கும் உரியதாயிற்று. குதிரைகள் மிரள்கின்றன என்று பூத் மீது வழக்குத் தொடரப்பட்டதும், வீதியில் அப்பொறியை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டெனத் தீர்ப்பானதும் இவ்வரலாற்றிற் பெரிதும் எடுத்துச் சொல்லப்படும் செய்திகள். தூய்மை வீட்டுக்கும் இரைச்சல் வீதிக்குமாகப் பிரிந்து சென்றன.

இந்நிலை அதிக காலம் நீடிக்கவில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்றன் நகரில், ஒரு கடைக்கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் தொழிலைச் செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் ஆஸ்துமா நோயால் வருந்தியவர். துடைப்பத்தினின்று எழுந்த தூசியே தம் நோயைப் பெருக்குகின்றது என்று கருதிய அவர், ஒரு மின்விசிறி மோட்டரையும் தலையணை உறையையும் துடைப்பக் கைப்பிடியையும் இணைத்து ஒரு கருவியை ஆக்கினார். 1908ஆம் ஆண்டு யூன் மாதம் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வுரிமையை வாங்கிய வில்லியம் ஹூவர் என்பாரின் பெயர், ஆங்கிலத்தில் வீடு கூட்டுதலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே பின்னர் மாறிற்று. கூட்டித் துடைக்கும் தொழிலாளி ஒருவர் தம் மூச்சைக் காக்க ஆக்கிய கருவி இது என்பதை மறத்தலாகாது. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் வாங்கியவரையே நினைவில் வைக்கின்றனர்.

பூத்தின் பம்பியை ஸ்பாங்ளரின் விசிறி வென்றதற்குக் காரணம் அதன் எளிமையும் சிறுமையுமே. ஆனால் அவ்வெற்றியோடு வீதியில் நின்ற ஓசை வீட்டினுள் நுழைந்தது. 1921இல் சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் சறுக்குக் கட்டைகள் மீது இழுத்துச் செல்லத்தக்க உருளைவடிவத் தூசுறிஞ்சியை வெளியிட்டபோது, விசிறியும் மோட்டரும் கைப்பிடியை விட்டு விலகித் தரைக்கு இறங்கின. ஓசை முழங்காலளவுக்குத் தாழ்ந்ததேயன்றிக் குறையவில்லை.

விசிறி ஏன் இரைகின்றது என்பதை அறியச் சிறிது பௌதிகம் வேண்டப்படுகின்றது. கலைப்பீட மாணவர் இப்பகுதியைக் கடந்து செல்ல எண்ணாதிருப்பாராக; இதில் வருவன பெருக்கலும் வகுத்தலுமே.

நம் வீடுகளின் கூரைவிசிறியை முதலில் எடுத்துக்கொள்வோம். தையற்பொறியால் நமக்குப் பழக்கமான சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்தது. அந்நிறுவனத்துக்காக அமெரிக்காவில் மோட்டர் செய்த பிலிப் டீல் என்பவரே 1880களில் கூரைவிசிறியை உருவாக்கியவர். ஏறத்தாழ 1.4 மீற்றர் விட்டமுடைய அவ்விசிறி நிமிடத்துக்கு 300 முறை சுற்றுமாயின், அதன் இதழ்நுனி செக்கனுக்கு 22 மீற்றர் அளவிற் செல்லும். தூசுறிஞ்சியின் விசிறியோ உள்ளங்கையளவே ஆனது. ஆயின் அது நிமிடத்துக்கு 30,000 முறை, அதாவது செக்கனுக்கு 500 முறை சுழல்கின்றது. பத்துச் சென்ரிமீற்றர் விட்டத்தில் அதன் விளிம்பு செக்கனுக்கு 157 மீற்றர் செல்லும். மணிக்கு 565 கிலோமீற்றர் என்று சொன்னால் அதன் விரைவு விளங்கும்.

இத்துணை விரைவு ஏன் வேண்டும்? கூரைவிசிறி வளியை வெறுமனே அசைத்தாற் போதுமானது. தூசுறிஞ்சியோ கம்பளத்தின் இழைகளுக்கிடையே ஒட்டிய மணலைப் பெயர்க்கவல்ல அமுக்க வேறுபாட்டை உண்டாக்க வேண்டும். வலிய இயந்திரங்களில் அது வளிமண்டல அமுக்கத்தின் ஐந்திலொரு பங்கை எட்டும். விசிறி தரும் அமுக்கம் அதன் விளிம்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது. ஒலியோ அவ்வாறன்று. ஜேம்ஸ் லைற்ஹில் 1952இலும், அவரைப் பின்பற்றிய கேள் 1955இலும் வகுத்த வளியொலிக் கோட்பாட்டின்படி, திண்மப் பரப்பொன்றின் மீது மோதி எழும் வளியொலியின் வலு, வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கின்றது. கூரைவிசிறிக்கும் தூசுறிஞ்சிக்கும் இடையே விளிம்பு வேகத்தில் ஏழு மடங்கு வேறுபாடு உண்டெனின், பிறவெல்லாம் ஒத்திருக்குமிடத்து, ஒலிவலுவில் ஓர் இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு தோன்றும்.

இதிலிருந்தே இவ்வியந்திரத்தின் அடிப்படை முரண்பாடு பிறக்கின்றது. வேகத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால் ஒலிவலு ஏறத்தாழப் பாதியாகும். ஆயின் மனிதச் செவிக்கு அது மூன்று டெசிபெல் குறைவே. கவனித்துக் கேட்போருக்கு மட்டுமே புலனாகும். செவிக்கு ‘பாதியாயிற்று’ எனத் தோன்ற வேண்டுமாயின் பத்து டெசிபெல் குறைய வேண்டும். அதற்கு வேகத்தை மூன்றிலொரு பங்களவு தணித்தல் வேண்டும். அப்போது அமுக்கம் பாதிக்கும் கீழே போய்விடும். அமைதியான தூசுறிஞ்சி தூசியை உறிஞ்சாது. உறிஞ்சும் தூசுறிஞ்சி அமைதியாக இராது. வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழியென்று கொண்டவிடத்து இம்முடிவினின்று தப்புதல் அரிது.

எனவே பொறியியலாளர் பிற வழிகளை நாடினர். இரைச்சலின் அளவைக் குறைக்க இயலாவிடின் அதன் தன்மையையாவது மாற்றலாம் என்பது அவற்றுள் முக்கியமானது. விசிறியின் ஒவ்வோர் இதழும் வளியை வெளியேற்றும் வழியிலுள்ள நிலையான தகடுகளைக் கடக்குந்தோறும் ஒரு தட்டொலி எழும். ஒன்பது இதழ்கள் செக்கனுக்கு 500 முறை சுற்றினால் 4,500 தட்டுகள். அதுவே ஒரு சுருதியாக நம் காதில் விழுகின்றது. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் மீடிறன் 2,000 முதல் 5,000 ஹேட்ஸ் வரையிலானது. குழந்தையின் வீரிடல் செவியைத் துளைப்பதும் இவ்வெல்லையின் காரணமாகவே. இயற்கை நமக்கு எச்சரிக்கைக்காக அளித்த காதின் அப்பகுதியையே இவ்வியந்திரம் நாள்தோறும் தீண்டுகின்றது.

இதழுக்கும் தகட்டுக்கும் இடையிலான வெளியை அகலமாக்குவது, இதழ்களைச் சமனற்ற இடைவெளிகளில் அமைத்து ஒரே சுருதியைப் பலவாகச் சிதறடிப்பது, இதழ்களின் எண்ணும் தகடுகளின் எண்ணும் ஒன்றையொன்று வகுக்காதவாறு தெரிவு செய்வது ஆகியன இவ்வகையிற் கண்ட உத்திகள். ஓர் உறுதியான விசிறி தரும் அமுக்கத்தை இரண்டு விசிறிகளிடையே பங்கிட்டு, ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுற்றச் செய்வது பழைய இயந்திரங்களிலேயே இருந்த நல்ல முறை. செப்பும் உருக்கும் விலையேற, சிறிய மோட்டரை விரைவாகச் சுழற்றுவதே மலிவு என்றாகி அம்முறை பின்தள்ளப்பட்டது. மோட்டரை இறப்பர்த் தாங்கிகளில் அமர்த்துதல், வெளியேறும் வளியை வளைந்த பாதையிற் கொண்டுசென்று கடற்பஞ்சு போன்ற நுரைத்தட்டினால் ஒலியை விழுங்கச் செய்தல் என்பனவும் உண்டு. (1950களின் நடுவில் ஹூவர் நிறுவனம் வெளியேறும் வளியின் மீதே மிதந்து செல்லும் உருண்டைவடிவத் தூசுறிஞ்சி ஒன்றை விற்றது. வளியை அடக்குவதற்குப் பதில் அதற்கும் ஒரு வேலை கொடுத்த அந்தத் துணிவை மெச்சத்தான் வேண்டும்.)

அண்மைக்காலத்தில் எதிர்த்திசையிலான வழியொன்றும் திறக்கப்பட்டுள்ளது. காபன் தூரிகைகளற்ற, இலத்திரனியலால் ஆளப்படும் மோட்டர்கள் முன்னையவற்றிலும் பன்மடங்கு விரைவாகச் சுழல்வன. டைசன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட தலைமயிர் உலர்த்தியின் மோட்டர் நிமிடத்துக்கு 110,000 முறை சுழல்வது. அதற்கு வழக்கமான 11 இதழ்களுக்குப் பதிலாக 13 இதழ்கள் அமைக்கப்பட்டன. பெருக்கிப் பார்ப்போர்க்குக் காரணம் விளங்கும்: 11 இதழ்களாயின் 20,000 ஹேட்ஸை ஒட்டி நிற்கும் சுருதி, 13 இதழ்களால் 23,800 ஹேட்ஸைத் தாண்டுகின்றது. மனிதச் செவியின் எல்லை 20,000. ஒலி மறையவில்லை, நாம் கேளாத இடத்துக்குக் குடிபெயர்ந்துள்ளது. வீட்டு நாயின் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனிக் கொழும்புக்கு வருவோம். 1895இல் கோட்டைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் மின்சார ட்ராம் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் நோக்கி ஓடலாயிற்று. இலண்டனில் பூத் தம் பொறியை ஓட்டியபோது கொழும்பிலும் மின்வசதி அறியப்பட்டே இருந்தது. அப்படியிருந்தும் தூசுறிஞ்சி நம்மிடையே வேரூன்றவில்லை. வெப்பநாட்டில் கம்பளம் இல்லை என்பது உடனே சொல்லப்படும் விடை. அது உண்மையே. சிவப்புச் சீமெந்துத் தரைக்குத் தும்புத்தடியே போதும், மினுக்குவதற்கு மெழுகும் பொச்சுமட்டையும் இருந்தன, முற்றத்துக்கு ஈர்க்குமாறு.

ஆயினும் அவ்விடை முழுமையானதன்று. மேலைநாடுகளில் தூசுறிஞ்சி பரவியமை, முதலாம் உலகப்போரின் பின் வீட்டுவேலைக்கு ஆட்கள் கிடைப்பது அரிதானமையோடு நெருங்கிய தொடர்புடையது. கொழும்பில் அந்நெருக்கடி நேரவில்லை. வீட்டுப் பணியாளரைப் பதிவு செய்வதற்கென 1871ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றிய நாடு இது. கறுவாத்தோட்டத்திலும் வெள்ளவத்தையிலும் நடுத்தர, மேல்தட்டு வீடுகளின் தரையைக் கூட்டியோருள் கணிசமானோர் மலையகத் தோட்டங்களிலிருந்து சிறுவயதிலேயே கொண்டுவரப்பட்ட பெண்பிள்ளைகள். அவர்களின் உழைப்பு இயந்திரத்தைவிட மலிவானது, தும்புத்தடியோ இரைவதில்லை. ‘அமைதியான வீடு’ என்று நம் முன்னைய தலைமுறையினர் நினைவுகூரும் அமைதி எவ்வாறு பெறப்பட்டது என்பதை அந்நினைவுகளைப் பாராட்டும் வேளையில் கேட்டாக வேண்டும்.

தூசுறிஞ்சியை இலங்கைப் பெண்கள் பெருந்தொகையினராகக் கையாளத் தொடங்கியது இலங்கையின் தரையில் அன்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றோர், கம்பளம் விரித்த அறைகளில் அதனை முதன்முறையாகக் கையிலெடுத்தனர். 1985இல் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், புறப்படுவோருக்கு அளித்த பயிற்சியில் மின்சார வீட்டுச் சாதனங்களை இயக்குவதையும் சேர்த்தது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய சந்துகளிலிருந்து சென்ற பெண்களுக்கு, தம் வீட்டில் இல்லாத இயந்திரமே பிழைப்பின் கருவியாயிற்று. பூத்தின் காலத்தில் வண்டிக்காரர் கேட்ட இரைச்சலை இப்போது அவர்கள் ஒரு கைநீளத்தொலைவில் நின்று கேட்டனர். வீட்டுத் தொழிலாளர் பாதுகாப்பான, நலத்துக்கு ஊறற்ற சூழலிற் பணியாற்றும் உரிமையுடையவர் என்பதைச் சர்வதேச தொழில் அமைப்பு தன் 189ஆம் இலக்கச் சமவாயத்திற் பொறித்தது 2011இலேயே.

கொழும்பின் வீட்டமைப்பு மாறியது வேறொரு வழியில். தொடர்மாடி ஆதனச் சட்டம் 1973இல் நிறைவேறிற்று. 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தது. 1983இன் வன்செயல்களையும் அதன் பின்னான போரையும் அடுத்து வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிற் செறிந்தன. வளவுகளோடு கூடிய பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் எழுந்தன. முற்றம் போயிற்று, ஈர்க்குமாற்றுக்கு வேலையில்லை. மேல்மாடிக்காரரின் தரை கீழ்மாடிக்காரரின் கூரையாயிற்று. இக்கட்டுரையாளர் சிலகாலம் குடியிருந்த மாடியில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேலிருந்து தொடங்கும் ஊளை, காற்றுக்கென விடப்பட்ட நடுக்குழியின் வழியே இறங்கிக் குசினியிற் புகும். அது யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று ஒருபோதும் தெளிவாகவில்லை.

இங்கே ஒரு தொழினுட்பச் செய்தி வேண்டப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சாதனங்களின் ஒலி குறித்த பணிப்புரையை 1986இலேயே வெளியிட்டிருப்பினும், தூசுறிஞ்சிக்குக் கட்டாய உச்சவரம்பு விதித்தது 2013ஆம் ஆண்டின் 666ஆம் இலக்க ஒழுங்குவிதியே. அதன்படி 2014 செப்ரெம்பரிலிருந்து 1,600 வாற்றுக்கும், 2017 செப்ரெம்பரிலிருந்து 900 வாற்றுக்கும் குறைந்த வலுவே அனுமதிக்கப்பட்டது. ஒலிவலு 80 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்றும் விதிக்கப்பட்டது. முதற்கட்டம் நடைமுறைக்கு வருமுன் பிரித்தானியாவில் வலுமிகுந்த இயந்திரங்களை வாங்கப் பலர் விரைந்தனர். பெரிய எண்ணும் பெரிய ஓசையுமே பெரிய உறிஞ்சலுக்கு அடையாளம் என்ற நம்பிக்கை அத்துணை ஆழமானது. உண்மையில், குழாயை அடைத்துவிட்டால் இயந்திரம் இன்னும் கீச்சிட்டு அலறும். மோட்டர் திணறுகின்றது என்று நாம் எண்ணுவோம். வளியைத் தள்ளும் வேலை இல்லாது போகவே அது விரைந்து சுழல்கின்றது என்பதே உண்மை.

அவ்வொழுங்குவிதியின் 80 டெசிபெல் அளக்கப்படுவது கம்பளத்தின் மீது. கம்பளம் ஒலியை விழுங்குவது. வெள்ளவத்தை மாடியின் மாபிள் தரையும் சீமெந்துச் சுவரும் விழுந்த ஒலியைத் திருப்பி அனுப்புவன. ஆதலால் பெட்டியின் மீது அச்சிட்ட எண் நம் வீட்டிற் கேட்கப்போகும் எண் ஆகாது. சோதனைக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான இத்தகைய இடைவெளி ஐரோப்பாவிலேயே வழக்காயிற்று: வெற்றுத் தூசிப்பையோடு சோதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என டைசன் நிறுவனம் வாதிட, தூசுறிஞ்சிகளுக்கான வலுச்சேமிப்புச் சிட்டை குறித்த ஒழுங்குவிதியை ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் செல்லாததாக்கியது. கம்பளம் பற்றி எவரும் வழக்காடவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் எங்கு நிற்கின்றது? 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1996இல் வர்த்தமானியில் வெளியான ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகரப் பகுதிகளுக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபெல் என வரையறுத்தன. 2007இல் வெலிகம வழக்கிலே உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கிகள் குறித்து இறுக்கமான கட்டளைகளை இட்டு, விரும்பாதவரை வலிந்து கேட்கச் செய்தலாகாது என்னும் கொள்கையை வலியுறுத்திற்று. இவை போற்றத்தக்கன. ஆயின் 1996இன் அளவீடு ஒலி எழும் காணியின் எல்லையிற் செய்யப்படுவது. வேலியும் மதிலும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். ஐம்பது குடும்பங்கள் ஒரே காணியில் ஒன்றன்மேல் ஒன்றாக வாழுமிடத்து, இரு அயலவரிடையே நிற்கும் சுவரோ தரையோ காணியின் எல்லை ஆகுமா? சட்டம் எழுதியோர் மனத்தில் முற்றமுள்ள கொழும்பே இருந்தது எனத் தோன்றுகின்றது.

நம் தட்பவெப்பமும் இதிற் பங்குகொள்கின்றது. ஒலியை விழுங்க வைக்கப்பட்ட நுரைத்தட்டு, கடலோர ஈரப்பதனில் சில ஆண்டுகளில் உளுத்துப் பொடியாகிவிடும். குளிர்நாட்டில் அமைதியாகப் பிறந்த இயந்திரம் கொழும்பில் முதுமையெய்துகையில் உரத்துப் பேசத் தொடங்கும். கொட்டாஞ்சேனையில் மின்சாதனங்கள் திருத்தும் சிறு கடையொன்றில் இதனை நேரிற் காண நேர்ந்தது. தேய்ந்த காபன் தூரிகைகளை மாற்றிய முதியவர், கறுத்துப் பிசுபிசுத்திருந்த நுரையை விரலாற் சுரண்டிக் குப்பையில் எறிந்தார். அதற்கு மாற்று வைப்பதில்லையா என்று கேட்டபோது, வைத்தால் விலை கூடும், வைக்காவிடினும் எவரும் கேட்பதில்லை என்றார். மூடியைப் பூட்டி ஆளியை அழுத்தினார். கடை முழுவதும் அதிர்ந்தது. காத்திருந்த உரிமையாளரின் முகம் மலர்ந்தது: “இப்பதான் ஐயா புதுசு மாதிரி இழுக்குது.”